எப்போது, எங்கே என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் உடற்பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சியின் நன்மைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, மன உறுதி இருந்தால் எல்லோராலும் முடியும் என்று முடித்திருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயன்முறை மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

என்னிடம் வருகிறவர்கள் யார்? பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், படுத்த படுக்கையான பெற்றோரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர்கள், ஆண்டுக்கணக்கில் இரவு ஷிப்ட் பார்த்தவர்கள். இவர்களுக்கா மன உறுதி இல்லை? ஆனால் இவர்களேதான், "நடக்கணும்னு தெரியுது டாக்டர், செய்யத்தான் முடியல" என்று ஏதோ தப்புச் செய்தவர்கள் போலத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் வயதுவந்தவர்களில் 31 விழுக்காட்டினர், ஏறத்தாழ 180 கோடிப் பேர், போதிய அளவு உடல் அசைவு இல்லாமல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 180 கோடிப் பேரையும் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிட்டால், நாம் சொல்லும் வழியில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்க்கவே மாட்டோம்.

நன்மை தெரியாமல் இன்று யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நன்மையைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் பெரிய பலனும் இல்லை. பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு இதய நோய் பற்றியும், உடற்பயிற்சி அதை எப்படித் தடுக்கிறது என்றும் எடுத்துச் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கும் அதே விவரங்கள்தான். கூடவே, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று அவர்களையே எழுதச் சொன்னார்கள். அந்த வாரத்தில் ஒரு முறையாவது பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 விழுக்காடு, இரண்டாவதில் 35 விழுக்காடு. மூன்றாவது குழுவில் 91 விழுக்காடு! அறிவுரை கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஒரே நிலையில் நிற்க, ஒரு வரி எழுதியவர்கள் எழுந்து போயிருக்கிறார்கள்.

அதனால்தான் நான் எழுதிக் கொடுக்கும் பயிற்சித் தாளின் அடியில் இரண்டு வரிகளைக் காலியாக விட்டுவைக்கிறேன். ஒன்று, எப்போது. இன்னொன்று, எங்கே. அவரவர் கையாலேயே நிரப்ப வேண்டும். "காலையில" என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையில் எதற்கு அப்புறம்? பல் தேய்த்த பிறகா, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிய பிறகா? ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் பயிற்சியை வைத்தால், செய்வதா வேண்டாமா என்ற யோசனைக்கே இடம் இருக்காது. அந்த யோசனையில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். இருட்டில் எழுந்து உட்கார்ந்து, இன்றைக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் தேடினால் ஒன்றுக்கு நான்கு கிடைக்கும்.

அப்புறம் இந்த 21 நாள் கணக்கு. எதையும் 21 நாள் செய்தால் பழகிவிடும் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற, இடைநிலை அளவாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களிலேயே வந்துவிட்டது. சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். 21 நாள் முடிந்தும் பழகவில்லை என்றால் தன்னிடம்தான் குறை என்று ஒருவர் நினைத்துக்கொள்வது எவ்வளவு அநியாயம் பாருங்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. நடைமுறையில் நான் பார்ப்பதும் இதுதான். ஒரு நாள் விட்டதால் நின்றுபோகிறவர்களைவிட, "அதான் விட்டுப்போச்சே, இனி என்ன" என்று மறுநாளும் படுத்துக்கொள்வதால் நின்றுபோகிறவர்கள் அதிகம்.

கட்டுரையில் தொடாத இன்னொரு விஷயம், முதல் வாரத்தில் நடக்கும் கொடுமை. பல ஆண்டுகளாக ஓடாதவர் முதல் நாளே அரை மணி நேரம் ஓடுகிறார். நெஞ்சு அடைக்கிற மாதிரி மூச்சு வாங்குகிறது. மறுநாள் படி இறங்க முடியாமல் தொடை வலிக்கிறது. உடற்பயிற்சி என்றாலே இதுதான் என்று உடம்பு முடிவு கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்தப் பொன்மொழியும் அவரை எழுப்பாது. தொடக்கத்தில் இருக்க வேண்டிய வேகத்துக்கு எளிய அளவுகோல் உண்டு. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பத்து நிமிடம் அப்படி நடந்து, இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாமோ என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள் என்கிறேன். அந்த ஆசை மிச்சம் இருந்தால் மறுநாள் கால் தானாக வாசலுக்குப் போகும்.

பத்து நிமிடமெல்லாம் ஒரு பயிற்சியா என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். வயதுவந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்த நிபந்தனையை அப்போது எடுத்துவிட்டார்கள். இரண்டு மாடி ஏறினால் அதுவும் கணக்கில் சேரும். தினமும் 10,000 அடி என்பதும் ஆய்வில் பிறந்த எண் கிடையாது. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எட்டாத எண்ணைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்து மனம் தளர்கிறவர்கள் இதை அறிந்தால் எவ்வளவு நிம்மதி அடைவார்கள்!

நன்மைகளைச் சொல்லவே கூடாது என்கிறேன் என்று எண்ண வேண்டாம். அவை என்னையே இன்னும் வியக்க வைப்பவை. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் லண்டன் மாடிப் பேருந்துகளை எடுத்துக்கொண்டு, நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் வாரம் 150 நிமிட உழைப்பும் உணவுக் கட்டுப்பாடுமாக எடையைக் கொஞ்சம் குறைத்தபோது, நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு 31 விழுக்காடுதான் குறைந்தது.

விட்டுவிட்டுச் செய்யாமல் தொடர்ந்து செய்யுங்கள் என்று ஏன் வற்புறுத்துகிறோம் என்பதற்கும் காரணம் உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாள் வரை இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பலன் மங்கிவிடும். சாப்பாடு மாதிரிதான், ஞாயிற்றுக்கிழமை சேர்த்துச் சாப்பிட்டு வாரத்தை ஓட்ட முடியாது.

ஆனால் இருபது ஆண்டு கழித்து வரப்போகும் மாரடைப்பை நினைத்து விடியற்காலையில் எழுந்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. இன்றைக்கே கிடைக்கிற ஏதோ ஒன்றுதான் ஆளை எழுப்புகிறது. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டும், அப்படியும் யாராவது தோளைப் பிடித்தால்தான் முடியும். மகன் பக்கத்தில் நின்று எலும்பு வலிமை, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எதற்கும் பதில் சொல்லவில்லை. மகன் மருந்து வாங்கப் போன நேரத்தில், "ராத்திரி கழிப்பறைக்குப் போகணும்னா மருமகளை எழுப்ப வேண்டியிருக்கும்மா. அவ காலையில வேலைக்குப் போகணும். அது ஒண்ணு மட்டும் நானே செய்யற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றார்.

சரி, அதையே பிடித்துக்கொண்டோம். சுவரில் முட்டுக்கொடுத்த நாற்காலி, உட்காரும் இடத்தில் உயரத்துக்கு ஒரு தலையணை. பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய வேண்டும், அப்புறம்தான் எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். அந்த இறக்கத்திலும் தொடைத் தசை வலுப்பெறுகிறது. முதலில் இரண்டு கை ஊன்றி, அப்புறம் ஒரு கை, அப்புறம் விரல் நுனி மட்டும். காலையும் மாலையும் மாத்திரை போட்டதும் செய்வது என்று எழுதிக்கொண்டார். தலையணையை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு அவர் எழுந்து நின்ற அன்று, "இப்ப மருமகள் தூங்கறா" என்றார்.

வயதாகிவிட்டதே, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு 1990-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதானவர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. எதிர்ப்பக்கத்தையும் அறிவோம். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, முப்பது வயது கூடியதில் இழந்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையில் இழந்த உழைப்புத் திறனே அதிகம் என்று தெரிந்தது.

ஊக்கத்தைப் பற்றிப் பேசும்போது நேரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நியாயம் இல்லை. வீட்டில் முதலில் எழுந்து கடைசியாகப் படுக்கும் பெண்ணிடம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று சொல்லிவிடலாம். அந்த அரை மணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது, அடுப்பை யார் பார்ப்பது? நோயாளியோடு வரும் கணவரிடமும் பிள்ளைகளிடமும் நான் இதை நேரடியாகவே கேட்கிறேன். சில சமயம் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை. யாராவது ஒரு வேலையை ஏற்றுக்கொண்ட வீடுகளில்தான் பயிற்சி தொடர்கிறது. கூட நடக்க ஒருவர் கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது, வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் படுத்துக் கிடக்க மனம் வராது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்கியவருக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டு வீங்கினாலோ, சுருக்கென்று குத்தினாலோ அதை இயல்பு என்று விடக் கூடாது. நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். நலவாழ்வுப் பக்கத்தில் உடற்பயிற்சி பற்றி எழுதும்போதெல்லாம் கட்டுரையின் அடியில், வெட்டி எடுக்கும் அளவில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். எதற்குப் பிறகு, எந்த இடத்தில், எத்தனை நிமிடம் என்று மூன்று கோடுகள் போதும், வாசகர் பேனாவால் நிரப்பிக்கொள்வார். கட்டுரையோடு வெளியிடும் படத்தில், வயிறு ஒட்டிய இளைஞர்களுக்குப் பதிலாக நாற்காலியிலிருந்து எழும் பாட்டியையும், நிறுத்தி நிறுத்தி மாடிப்படி ஏறும் நடுவயதுக்காரரையும் காட்டுங்கள். பயிற்சியின் படிகளை எழுதித் தரவும், படத்தில் முழங்காலும் முதுகும் சரியான நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லவும் நான் தயார். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்