தீ பைன் மரத்துக்குப் பாடம் எடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் பைன் காடுகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இப்படிப்பட்ட கட்டுரைகள் இன்னும் நிறைய வர வேண்டும். ஆனால் "தீயைச் சமாளிக்க மரம் தன் கூம்பை மாற்றிக்கொண்டது" என்ற ஒரு வரி உறுத்தலாகவே இருக்கிறது. பல ஆண்டுகள் உயிரியல் பாடம் எடுத்தவள் நான். பிள்ளைகள் பரிணாமத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்ளும் இடம் சரியாக இதுதான்.

வட அமெரிக்காவின் லாட்ஜ்போல் பைனையே எடுத்துக்கொள்வோம். ஒரே காட்டில் சில மரங்களின் கூம்புகள் (விதையைத் தாங்கும் செதில் அடுக்குகள்) முற்றியதும் தானாக விரிந்து விதையை உதிர்க்கும். வேறு சில மரங்களில் கூம்பு பிசினால் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். இந்த வேறுபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. காட்டில் தீப்பிடித்தால் பிசின் உருகும், கூம்பு திறக்கும், போட்டிக்கு ஆளில்லாத சாம்பல் மண்ணில் விதை விழும். தீ அடிக்கடி வரும் இடத்தில் மூடிய கூம்பு மரங்களின் பிள்ளைகளே அடுத்த காடாக எழுகின்றன. தீ அரிதாக வரும் இடத்தில் விரியும் கூம்புக்காரர்கள் முந்திக்கொள்கிறார்கள். தனி மரம் எதுவும் மாறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்தில் யார் அதிகம் என்பதுதான் மாறுகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் தீ அடிக்கடி வரும் தாழ்வான பகுதிகளில் மூடிய கூம்பு மரங்கள் அதிகம், உயரே போகப் போகக் குறைவு. 1988 பெருந்தீக்குப் பிறகு மூடிய கூம்பு மிகுந்த இடங்களில் கன்றுகள் நெருக்கமாக முளைத்ததை உலகமே பார்த்தது.

கட்டுரை அணில்களை விட்டுவிட்டது, அது எனக்குப் பெரிய குறை. மூடிய கூம்பு மரத்திலேயே தங்கிவிடுவதால் அணிலுக்கு வருடம் முழுவதும் தீனி. அதனால் அணில் மிகுந்த காடுகளில் மூடிய கூம்பு மரங்கள் குறைகின்றன. அணில் இல்லாத தனித்த மலைகளில் அவை பெருகி நிற்கின்றன. தீ ஒரு பக்கம் இழுக்க, அணில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சூழல் என்றால் மழையும் வெயிலும் மட்டும் அல்ல, கூட வாழும் உயிர்களும்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். குமரி மாவட்டக் காடுகளில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. கொடைக்கானலில் பார்ப்பவையும் நட்டு வளர்த்தவையே. ஆனால் அகத்தியமலைத் தொடரில் நிறம்பல்லி இருக்கிறது. பைனின் தூரத்து உறவு, தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத் தாவர மரம். அதன் இலை ஊசி அல்ல, நல்ல அகலமானது. மழைக்காட்டு நிழலில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க அகன்ற இலைதான் உதவும். மாறாக, நம் கடற்கரைச் சவுக்கைப் பார்த்துப் பைன் என்று சொல்லாத சுற்றுலாப் பயணி குறைவு. அது பூக்கும் தாவரம், பைனுக்கு உறவே இல்லை. ஊசியாகத் தெரிவது மெல்லிய கிளை. இலைகளோ கணுக்களில் சிறு செதில்களாகச் சுருங்கிவிட்டன. உறவில்லாத இரண்டு வம்சங்கள் தனித்தனி வழியில் ஒரே தோற்றத்துக்கு வந்திருக்கின்றன.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. ஒரே இனத்துக்குள்ளும் சூழல் வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது. ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைன் ஸ்பெயினிலிருந்து சைபீரியா வரை பரவியது. பல ஊர் விதைகளை ஒரே இடத்தில் நட்டுப் பார்க்கும் சோதனையை பிரான்சில் வில்மோரின் என்ற தாவர ஆய்வாளர் 1820களிலேயே தொடங்கினார். ஊருக்கு ஊர் மரம் வேறாக வளர்ந்தது. ஜெர்மன் விதையை வாங்கி நட்ட ஸ்வீடனில் காடுகள் சரியாகத் தேறவில்லை. வெப்பமான ஊர் விதைக்கு வடக்கின் குளிர் எப்போது வரும் என்பது பழக்கமில்லை, உறைபனி வந்த பிறகும் வளர்ந்துகொண்டிருக்கும்.

நம் மாவட்டம் சிறியது, ஆனால் தோவாளைப் பக்கத்தின் வறட்சியும் ஆரல்வாய்மொழிக் காற்றும் வேறு, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மழை வேறு. இங்கே மரம் நடு விழாக்களில் எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கும் கன்றுக்குத் தாய்மரம் எந்த ஊரில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. வேம்பு என்றால் வேம்பு, புங்கு என்றால் புங்கு, அவ்வளவுதான். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அந்தந்தப் பகுதியில் செழித்து நிற்கும் முதிர்ந்த மரங்களிலிருந்து, அதுவும் ஒன்றிலிருந்து அல்ல பலவற்றிலிருந்து, விதை எடுத்து நாற்று வளர்ப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம்.

தாங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். மரம் நடும் செய்திகளில் எத்தனை கன்று, யார் தலைமை என்று எழுதும்போது, விதை எங்கிருந்து வந்தது என்பதையும் தங்கள் நிருபர்கள் கேட்டு ஒரு வரி சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்