கூடுகளின் படம் வேண்டாம், கட்டடங்களின் படம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு வெளியீட்டில் வாசகர்கள் எடுத்த படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வருகிறீர்கள். கொழும்பைச் சுற்றியுள்ள குளங்களின் பறவைகளும் நகரின் பழைய கட்டடங்களும் அதில் இடம்பெறுவது மகிழ்ச்சி. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் இது. பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால் முட்டையோடும் குஞ்சோடும் கூட்டில் இருக்கும் பறவைகளின் படங்களைப் பிரசுரிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நீளவால் இலைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் இலைகளின் மேல் நனைந்த தண்டுகளைச் சேர்த்து நான்கு முட்டை இடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். ஆள் நெருங்கி அந்த ஆண் எழுந்து ஓடினால் முட்டைகளுக்கு வேறு காவல் கிடையாது. நம்மூர்க் காகத்துக்கு ஒரு நிமிடம் போதும். காகம் வராவிட்டாலும் நிழலில்லாத நீர்ப்பரப்பில் வெயில் நேரே முட்டையில் விழும். படம் தெளிவாக விழட்டும் என்று முன்னால் நிற்கும் புல்லை வளைத்துவிடுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. இப்படி எடுத்த ஒரு படம் அச்சானால், அடுத்த வாரமே அதே கூட்டைத் தேடிப் பலர் போவார்கள்.

கூட்டைத் தேடிப் போவதற்குக் காரணம் புரிகிறது: அங்கே பறவை அசையாது. அசையும் பறவையையும் நன்றாக எடுக்கலாம். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே உதித்து விறுவிறென்று மேலே ஏறிவிடும். ஆகவே ஆறரைக்கும் எட்டரைக்கும் இடைப்பட்ட நேரம் பொன்னானது. கிழக்குக் கரையில், வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு சூடேறிய காற்று நீர்மேல் நெளியத் தொடங்கும். தூரத்துப் பறவை மங்கலாக விழுவது அதனால்தான். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 வினாடிக்குக் குறையக்கூடாது. வெண்கொக்கை எடுக்கும்போது கமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி குறையுங்கள். இல்லாவிட்டால் இறகின் கோடுகள் எல்லாம் வெள்ளையில் மறைந்துபோகும். வெளிறிய வானத்தின் முன் நிற்கும் நீர்க்காகத்துக்கு ஒரு படி கூட்டுங்கள். கைத்தொலைபேசி மட்டுமே உள்ளவர்கள் ஸூமை இழுத்துக் கெடுக்காமல், குளத்தையும் தாமரையையும் பெரிதாகவும் பறவையைச் சிறிதாகவும் வைத்து எடுக்கலாம். அந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்பதும் அதில் தெரியும்.

இன்னொரு தொல்லை ஈரப்பதம். இரவு முழுவதும் ஏசி அறையில் குளிர்ந்த கமராவை நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும். அறைக்குள்ளேயே பொலித்தீன் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டி, வெளியே கொண்டுபோய் அரை மணி நேரம் கழித்துப் பிரித்தால் போதும். மற்ற நேரங்களில் மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன், ஈரப்பதம் நாற்பதுக்கும் ஐம்பது சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்படி வையுங்கள். தோல் உறை வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும்.

கட்டடப் படங்களில் நான் கேட்பது நேர்மாறானது: இன்னும் அதிகம் பிரசுரியுங்கள், முழு விபரத்தோடு பிரசுரியுங்கள். புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிந்த சிவப்புப் பள்ளிவாசலை ஒடுங்கிய தெருவில் நின்று அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கமரா மேல்நோக்கிச் சாய்வதுதான் காரணம். எதிர்க் கடையில் அனுமதி கேட்டு மேல்மாடிக்கு ஏறி, கமராவை மட்டமாகப் பிடித்தால் சுவர் நிமிர்ந்து நிற்கும். அது முடியாவிட்டால் நான்கு பக்கமும் தாராளமாக இடம்விட்டு எடுத்து, பிறகு மென்பொருளில் நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். குறுக்கே ஓடும் மின்கம்பிகளை அழிக்காதீர்கள். பின்னாளில் பார்ப்பவருக்கு அவையும் சான்று.

1757இல் திறக்கப்பட்ட வொல்வெண்டால் தேவாலயத்தின் தரையில் ஒல்லாந்தர் காலக் கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. பல எழுத்துகள் தேய்ந்துவிட்டன. மேலிருந்து பிளாஷ் அடித்தால் கல் தட்டையாகத் தெரியும், எழுத்து ஒன்றும் விழாது. நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, முக்காலியில் கமராவைக் கல்லுக்கு நேர் மேலே நிறுத்துங்கள். டோர்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து பெயரும் ஆண்டும் எழுந்து வரும். ஒளி இடப்பக்கத்திலிருந்து விழ ஒன்று, தலைமாட்டிலிருந்து விழ ஒன்று என இரண்டு படமாவது தேவை. ஒளிக்கு இணையாக ஓடும் கோடு அந்தப் படத்தில் தெரியாது. சுண்ணக்கட்டி பூசவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது.

கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தையும் இப்படி ஒவ்வொரு தூணாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆலயத்தாரின் சம்மதத்தோடு, பூசை நேரம் தவிர்த்து, மூலஸ்தானத்தின் பக்கம் கமராவைத் திருப்பாமல்.

கடைசியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். எடுத்த திகதியும் அதிலிருந்து போய்விடும். கட்டடப் படங்களை மூலக் கோப்பாகவே மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, தெரு, திகதி, எந்தத் திசை நோக்கி எடுத்தது ஆகியவற்றைப் படத்தின் கீழே அச்சிடுங்கள். பறவைப் படமாக இருந்தால் கோப்பில் பதிந்துள்ள இட விபரத்தை நீக்கிவிட்டு அனுப்பும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள். கீழே மாவட்டத்தின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06