டாங்குக்கு வழி போட்டவங்களையும் எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

1971ல பாகிஸ்தான் சண்டைல நாம ஜெயிச்ச நாளான டிசம்பர் 16 விஜய் திவஸ் அன்னிக்கு நீங்க போட்ட முழுப்பக்க கட்டுரைய வீட்ல எல்லாரும் படிச்சோம். டாக்கா சரண்டர், 93 ஆயிரம் பேர் கைதானது, பசந்தர் ஆத்தங்கரைல 21 வயசுல உயிர விட்ட டாங்கு ஆபீசர் அருண் கேத்தர்பால்னு எல்லாம் நல்லாத்தான் வந்திருந்துச்சு. ஆனா அந்த டாங்கெல்லாம் ஆத்த தாண்டி அந்தப் பக்கம் எப்படி போச்சுன்னு ஒரு வரி கூட இல்லையே அய்யா, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

அந்த வழிய போட்ட ஆளுங்கள்ல எங்க தாத்தாவும் ஒருத்தர். போன ஆவணில 89 வயசுல தவறிட்டாரு. வேலூர் பக்கம் எங்க ஊர்ல அவர பேரு சொல்லி யாரும் கூப்ட்டதில்ல, மிலிட்டரிக்காரர்னாதான் தெரியும். 1955ல பெங்களூர்ல மெட்ராஸ் சேப்பர்ஸ்ல சேந்தாரு, பாதை போடற, கண்ணிவெடி எடுக்கற ராணுவ இன்ஜினியர் படை அது, அங்க எல்லா ஜவானுக்கும் தம்பின்னுதான் பேரு, 80 வயசு தாண்டின அவரோட சினேகிதங்க போன் பண்ணினா கூட "என்ன தம்பி, பென்ஷன் ஏறிச்சா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, கேக்கவே சிரிப்பா இருக்கும்.

1971ல அவரு ஹவில்தார், 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். இடம் மேற்கு எல்லைல அந்த பசந்தர் ஆறு ஓடற ஷகர்கர் செக்டர். டிசம்பர் 15 ராத்திரி காலாட்படை ஆத்த தாண்டுது, அதுல நம்ம 16 மதராஸ் பட்டாலியனும் இருந்துச்சு, நடந்து போறவங்க எப்படியாவது போயிடுவாங்க, டாங்கு போகணும்னா கண்ணிவெடிய எடுத்து பாதை போட்டே ஆகணும். டாங்க தகர்க்கற கண்ணிவெடி மட்டும்னா மனுசன் வெயிட்டுக்கு வெடிக்காது, ஆனா நடுநடுவுல ஆள கொல்ற சின்ன வெடியும் எதிரி புதைச்சு வச்சிருப்பான், அதான் சிக்கலே. ஒரு தடவ நாங்க கேட்டப்போ வாசல்ல அப்படியே குப்புற படுத்து குடைக்கம்பிய வச்சு செஞ்சு காட்டினாரு. கம்பிய நேரா குத்தக்கூடாது, சாய்ச்சு மெதுவா உள்ள விடணும், நேரா குத்தினா வெடியோட தலைமேல போய் அழுத்தும், சாய்ச்சு விட்டா பக்கவாட்டுல தட்டும். தட்டுச்சுன்னா நிறுத்திட்டு கையால மண்ண ஒதுக்கணும். இத இருட்டுல, பனியில, மேல ஷெல் விழுந்துட்டு இருக்கும்போது, வெரல் மரத்துப்போன கையோட செய்யணும். கிளியர் பண்ணின பக்கமெல்லாம் வெள்ளை டேப் கட்டிக்கிட்டே போவாங்களாம். பாட்டி அடுப்படியிலேந்து "எந்திரிங்க, வேட்டியெல்லாம் மண்ணு"ன்னு கத்தினது இன்னும் காதுல கேக்குது.

வேலை முடியறதுக்குள்ள எதிரி டாங்கு வருதுன்னு தகவல் வந்துடுச்சு. பாதை பாதிதான் போட்டிருக்கு, அப்படியும் கேத்தர்பாலோட டாங்கு ரெஜிமென்டான 17 பூனா ஹார்ஸ் டாங்குங்க உள்ள பூந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உங்க கட்டுரைல இருக்கு. தாத்தாவோட ரெஜிமென்ட்ல மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்த சண்டைல உயிர விட்டு, போர்க்கள வீரத்துக்கான ரெண்டாவது பெரிய விருதான மகாவீர் சக்ரா வாங்கினாரு. அந்த பேரையும் நீங்க போடல.

தாத்தா வீரதீரமா எல்லாம் பேசவே மாட்டாரு. 71 சண்டைக்கு குடுத்த பஸ்சிமி ஸ்டாரும் சங்ராம் மெடலும் டிரங்கு பெட்டில கேன்டீன் சோப்பு டப்பாவுல கிடந்துச்சு. அவரு பெருமையா சொன்ன ஒரே ஆளு காஞ்சிபுரம் பக்கத்து கீழ் ஒட்டிவாக்கம் சுபேதார் சுப்பிரமணியன், 1944ல இத்தாலில கண்ணிவெடி மேல தானே விழுந்து மத்தவங்கள காப்பாத்தினவரு, பிரிட்டிஷ்காரன் குடுத்த ஜார்ஜ் கிராஸ் வீர விருத வாங்கின மொத இந்தியர் அவருதான், அவரும் சேப்பர்தான். பாடப்புத்தகத்துல ஏன்டா அவரு இல்லன்னு எங்க மேல கோவப்படுவாரு, நாங்க என்னமோ புத்தகம் எழுதற மாதிரி.

ரிட்டையர் ஆகி வந்து பேங்க்ல செக்யூரிட்டி வேலை, அப்புறம் முக்கா ஏக்கர் நிலம். மூணு தங்கச்சி கல்யாணமும் மிலிட்டரி மணியார்டர்லதான் நடந்துச்சு. வீட்டுக்கு யாரு வந்தாலும் சாப்ட்டியான்னு கேக்க மாட்டாரு, நேரா தட்ட வச்சிடுவாரு. காலைல அஞ்சுக்கு ஷேவ் பண்ணலன்னா அந்த பையன் உருப்பட மாட்டான்னு ஒரு நம்பிக்கை, நான் தாடி வச்சதுலேந்து எனக்கு கேன்டீன் பிஸ்கட் கட்.

ஒரு விசயம் மத்த குடும்பத்துக்கும் உதவும்னு சொல்றேன். ராணுவத்துலேந்து வரும்போது குடுத்த டிஸ்சார்ஜ் புக்ல பாட்டி பேரு ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி, பிறந்த தேதியும் ஒத்துப்போகல, அதனால ஃபேமிலி பென்ஷனுக்கு ஒரு ஆபீஸ்ல அலைய விட்டாங்க. அவரு இருக்கும்போதே ஒரு மனு போட்டு பார்ட் டூ ஆர்டர்ல, அதாவது சர்வீஸ் ரெக்கார்டுல மாத்தத்த பதியற ராணுவ உத்தரவுல, திருத்தியிருந்தா ஈசியா முடிஞ்சிருக்கும். வீட்ல பென்ஷன்தாரர் இருந்தா இன்னிக்கே அந்த புக்க எடுத்து பாருங்க.

அய்யா, கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, உங்களுக்கு தெரியாததில்ல. எங்க மாவட்டத்துல 71 சண்டைக்கு போனவங்க இன்னும் இருக்காங்க, எல்லாருக்கும் எழுபத்தஞ்சு எம்பதுக்கு மேல ஆயிடுச்சு. அடுத்த டிசம்பர் வரைக்கும் காத்திருக்காம ஒரு ரிப்போர்ட்டர அனுப்பி வைங்க. காலைல வரச் சொல்லுங்க, மதியம் சாப்ட்டா தூங்கிடுவாங்க, அப்புறம் எழுப்பினா வள்ளுன்னு விழுவாங்க.

இப்படிக்கு,
மிலிட்டரிக்காரர் பேரன்,
வேலூர் மாவட்டம்