கோசோ பாத்துட்டு வந்த கதை, பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கிறது.

நாங்க ஊரு வந்து சேந்து இன்னைக்கோட 9 நாள் ஆவுது. போன் பண்ணும்போதெல்லாம் ஒண்ணு நீ டியூட்டிக்குக் கெளம்பிட்டு இருக்க, இல்லன்னா டியூட்டி முடிச்சு கண்ணு சொருகிட்டே பேசுற, கோசோத் தீவு எப்படிப்பா இருந்துச்சுன்னு நீ கேட்டப்ப நானும் நல்லா இருந்துச்சும்மான்னு ஒத்த வார்த்தைல முடிச்சிட்டேன். அது என் மனசுக்கே சரியாப் படல. அந்த பக்கி வண்டி டூருக்கு 3 பேருக்கும் சேத்து காசு கட்டுனது நீ. கெளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி 9 மணிக்கு ஷிப்ட மாத்தி நாளைக்கு வந்தே ஆவணும்னு உனக்கு மெசேஜ் வருது, நீ சிரிச்சுக்கிட்டே பரவால்லப்பா நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கன்னு சொல்ற. அந்தச் சிரிப்ப நானும் பாத்தேன், உங்கம்மாவும் பாத்தா. மால்டாவுக்கு நீ போயி 2 வருசம் முடியப்போவுது, கப்பல்ல 25 நிமிசத்துல வந்துருது அந்த ஊரு, நீ இன்னும் பாக்கல. அதான் ஒண்ணு விடாம எழுதுறேன், பஸ்ல போகும்போது கொஞ்சம் கொஞ்சமா படிச்சுக்க.

நீ கெளம்பிப் போன பத்து நிமிசத்துல வேன் வந்துட்டு. சிர்கெவ்வா போயி கப்பல் ஏறுனா யாருமே டிக்கெட் கேக்கல, போகும்போது காசு கெடையாதாம், கோசோவுலருந்து திரும்பும்போதுதான் வாங்குறாங்க. உங்கம்மாவுக்கு அது மனசே ஒப்பல, யாராவது வந்து கேட்டா என்னங்க செய்றதுன்னு பர்ஸ கைல பிடிச்சுக்கிட்டே வந்தா. நடுவுல கொமினோன்னு ஒரு குட்டித்தீவு, அதத் தாண்டுனா இம்ஜார் துறைமுகம், மேட்டு மேல ஒரு கோயிலு. கடல் தாண்டி வந்து எறங்குறவன மொதல்ல சாமி பாக்குற மாதிரி கட்டிருக்காங்க, நம்ம பனிமய மாதா கோயிலு ஞாவகம் வந்துச்சு.

பக்கின்னா ஜீப்பு மாதிரி இருக்கும்னு நெனச்சிட்டுப் போனேன். அப்படி இல்ல. இரும்புக் குழாய வளைச்சுக் கூண்டு மாதிரி கட்டி உள்ள ரெண்டு சீட்டு, கதவு கெடையாது, முன்கண்ணாடி கெடையாது, டயரு மட்டும் டிராக்டர் மாதிரி பட்டன் டயரு. ரெண்டு தோள்லருந்தும் இடுப்புலருந்தும் வந்து நெஞ்சுல பூட்டுற பெல்ட்டு, ஹெல்மெட்டு, மூக்குக்கு ஒரு துணி. 31 வருசம் உப்பு லாரி ஓட்டுனவன் நானு, இந்த வண்டில கிளட்சே இல்ல, நம்ம ஸ்கூட்டி மாதிரி பெல்ட்ல ஓடுது, ஆனா முதல் அரை மணி நேரம் என் இடது காலு தன்னால கிளட்ச தேடிக்கிட்டே இருந்துச்சு. இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டு வாங்கன்னு நீ நாலு தடவ சொன்னியே, அது இல்லாம இருந்தா ஓட்ட விட்டுருக்க மாட்டாங்க. நல்லவேள 1964 வரைக்கும் வெள்ளக்காரன் ஆண்ட ஊருங்கிறதால அங்கயும் இடது பக்கமாதான் ஓட்டணும், எனக்கு ஒண்ணும் தடுமாற்றம் வரல.

மொத்தம் 6 பக்கி. முன்னால வழிகாட்டி தம்பி நாலு சக்கர பைக்ல போறாரு, அவரு கை தூக்குனா நிக்கணும், யாரும் யாரையும் முந்தக் கூடாது, அவரு போன தடத்துலதான் போகணும். தடத்த விட்டு ஒரு அடி கூட எறங்கக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னாரு. ஏன்னு எனக்கு மேல போனப்பதான் புரிஞ்சுது. தா செஞ்ச்ன்னு ஒரு எடம், ஒரே பாறை, அதுக்கு மேல மண்ணுன்னு சொன்னா ஒரு விரக்கடைதான் இருக்கும், அந்த மண்ணுலதான் முழங்கால் உயரத்துக்குச் செடி செடியா படந்து கெடக்கு. டயரு ஓரமா உரசுனாலே வாசம் தூக்குது, தைம் செடியாம், ஓமத்த கைல கசக்குனா ஒரு வாசம் வருமே அந்த ஜாதி. அந்த ஊரு தேனு அந்தப் பூவுலருந்துதான். ஒரு தடவ டயரு ஏறுனா அந்த மண்ணு போயிரும், திரும்ப வராதுன்னு சொன்னாரு. அதுக்கு அந்தாண்ட பாத்தா நெலமே இல்ல, 130 மீட்டர் செங்குத்தா கடல்ல எறங்குது. உங்கம்மா என் சட்டைய பிடிச்சவ விடவே இல்ல.

அந்தப் பாறைலதான் நான் பாக்கவே பாக்காத ஒண்ண பாத்தேன். கல்லுல ரெண்டு கோடு, ஒரே இடைவெளில, நேரா போவுது வளையுது ஏறுது, நம்ம மாட்டு வண்டி போயி போயி செம்மண் ரோட்டுல தடம் விழுமே அதே மாதிரி, ஆனா இது பாறைல. வண்டித் தடம்ங்கிறாங்க, எந்தக் காலத்துல எதுக்கு எத இழுத்தாங்கன்னு இன்னும் ஆராய்ச்சிக்காரங்க வாதம் பண்ணிட்டு இருக்காங்களாம். நான் குத்துக்கால் வச்சு உக்காந்து கைய உள்ள விட்டுப் பாத்தேன், முழங்கை முக்காவாசி உள்ள போச்சு. என்ன பாரம் ஏத்துனானோ, எத்தன நாளு ஓட்டுனானோ, அந்த வண்டிக்காரனுக்கும் பிள்ளைங்க இருந்திருக்கும். எனக்கு அங்கருந்து எழும்பவே மனசு வரல, தம்பிதான் வந்து தோளத் தட்டிக் கூப்டாரு.

ஒரு தப்பும் பண்ணிட்டேன், அதையும் சொல்லிர்றேன். கீழ எறங்குற ஒத்தையடித் தடத்துல முன்வண்டிக்கு ரொம்பக் கிட்டக்க போயிட்டேன், புழுதில ஒண்ணும் தெரியல, அவங்க நின்னுட்டாங்க, நான் பிரேக்க போட்டு ஒடிச்சேன், முன்சக்கரம் ஓரத்துக் கல்லுச்சுவத்துல போயி இடிச்சு மூணு கல்லு கீழ விழுந்துட்டு. அங்க வயலுக்கு வயலு அந்தச் சுவருதான், சிமெண்டு கெடையாது சாந்து கெடையாது, கல்லு மேல கல்ல பொருத்தியே கட்டுறது, அத இடிச்சா சட்டப்படி குத்தம். எனக்கு வெலவெலத்துப் போச்சு. அந்தத் தம்பி ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, எறங்கி வந்து வாங்க ரெண்டு பேரும் எடுத்து வைப்போம்னாரு. வச்சோம். சும்மா அடுக்குனா நிக்காது, ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பி அது உக்கார்ற மொகத்த பாக்கணும், நடு இடுக்குல சில்லுக்கல்லு திணிக்கணும், மழத்தண்ணி அந்தச் சந்து வழியா ஓடிரும் மண்ணு மட்டும் நின்னுக்கும். கடைசிக் கல்லு டக்குன்னு உக்காந்தப்ப அவரு என் கையப் பிடிச்சுக் குலுக்குனாரு. அதுக்கப்புறம் நான் 20 அடி தள்ளிதான் வந்தேன்.

மத்தியானத்துக்கு த்வெய்ரா. அங்க கடலுக்குள்ள வாசப்படி மாதிரி ஒரு பெரிய கல்லு வளைவு இருந்துச்சாம், உலகமே வந்து போட்டோ எடுத்த எடம், 2017 மார்ச் 8ந்தேதி காலைல புயல்ல இடிஞ்சு கடலுக்குள்ள போயிட்டு. இப்ப வெறும் தண்ணிதான். நின்னு பாத்துட்டு இருந்தப்ப தம்பி பாட்டில் தண்ணிய எடுத்து எங்க காலடிப் பாறைல ஊத்துனாரு, நனைஞ்ச ஒடனே உள்ளங்கை அகலத்துல வட்டமா ஒரு உருவம், நடுவுல அஞ்சு இதழு பூ மாதிரி. கடல்ல வாழ்ந்த ஜீவனாம், கல்லா போயி கெடக்கு, நடக்குற எடமெல்லாம் அதுதான். உங்கம்மா ஒடனே செருப்ப கழட்டிட்டா.

தா பீனு கோயில்ல 20 நிமிசம்தான் குடுத்தாங்க. 1883ல கார்ம்னி கிரீமான்னு ஒரு கிராமத்துப் பொண்ணுக்கு அங்க மாதாவோட குரல் கேட்டுச்சாம், அப்ப அது வயக்காட்டு நடுவுல சின்னக் கோயிலு, பிறகுதான் இந்தப் பெரிய கோயிலு எழும்புச்சு. உள்ள ஒரு பக்கம் சுவரு முழுக்க நேர்ச்சைப் பொருளு, வேளாங்கண்ணில காணிக்கை வைக்கிற எடம் பாத்திருக்கல்ல அதே மாதிரி. கைக்குழந்தை சட்ட, ஊன்றுகோலு, ஆக்சிடென்ட்ல பொழச்சவன் போட்டுருந்த ஹெல்மெட்டு. உங்கம்மா அங்க என்ன வேண்டுனான்னு நான் கேக்கல. அவ கைல உன் பழைய ஐடி கார்டு போட்டோ இருந்துச்சு, அத மட்டும் பாத்தேன்.

அதுக்கப்புறம் ஷ்வெய்னி. பாப்பா, இதச் சொல்லத்தான் இவ்ளோ எழுதுனேன்.

வளைவுல திரும்புனதும் கடலோரம் முழுக்க உப்புப் பாத்தி. நம்மூரு மாதிரி மண்ணுப் பாத்தி இல்ல, பாறைய குடைஞ்சு எடுத்த பாத்தி. பல்லாங்குழிப் பலகைய யாரோ வரிசையா கடலோரம் விரிச்சு வச்சிட்டுப் போன மாதிரி, ஒரு கட்டில் அளவு, ஒரு முறம் அளவுன்னு நூத்துக்கணக்குல, சுமார் 3 கிலோமீட்டருக்குப் போவுது. 350 வருசமா அங்க உப்பு விளையுதுன்னாரு. வண்டி நிக்கிறதுக்குள்ள உங்கம்மா பெல்ட்ட கழட்டப் பாக்குறா, அது வரல, கை நடுங்குது அவளுக்கு. கல்யாணம் ஆவுற வரைக்கும் தலைல ஓலைப்பெட்டி வச்சு உப்பு சுமந்தவ, உனக்குத் தெரியும். உப்பளத்தப் பத்தி நீ கேட்டா பேச்ச மாத்துவாளே, அவ அங்க எறங்கி நேரா பாத்தி வரப்புல போயி நின்னா.

ஒரு பெரியவரு விளக்குமாத்தால உப்பக் கூட்டிட்டு இருந்தாரு. மொதல்ல பெரிய தொட்டில கடத்தண்ணிய தேக்கி வச்சு, கொஞ்சம் காய விட்டு, அப்பறம் சின்னப் பாத்திகளுக்கு விடுறாங்க, ஒரு வாரம் வெயிலு காய்ஞ்சா உப்பு விழுந்துருது. நம்ம தெப்பத்துலருந்து பாத்திக்கு விடுறோமே அதே கணக்குதான். உங்கம்மா குனிஞ்சு ரெண்டு விரல்ல உப்ப எடுத்து உரசிப் பாத்தா, நாக்குல வச்சா, இன்னும் ரெண்டு நாளு காயணும்ங்கன்னு என்ட்ட சொன்னா. நான் தம்பிட்ட சொன்னேன், தம்பி அவங்க பாஷைல பெரியவருட்ட சொன்னாரு. அவரு அப்படியே நிமிந்து உங்கம்மா காலப் பாத்தாரு பாப்பா. மொகத்த இல்ல, கால. அந்த வெடிப்பு இன்னும் போகலல்ல. பாத்துட்டு ஒண்ணும் பேசாம விளக்குமாத்த நீட்டுனாரு.

உங்கம்மா ஒரு பாத்தி முழுசும் கூட்டுனா. ஓரத்துலருந்து நடுவுக்கு, நடுவுலருந்து மூலைக்கு, ஒரு பரல் வெளிய சிதறாம. வரப்பு மேல சின்னதா ஒரு அம்பாரம் குவிச்சு கையால தட்டி விட்டா. இங்க மண்ணு மிதிக்க வேண்டாம்ங்க, காலு பொதையாதுங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. மத்த வண்டிக்காரங்க எல்லாம் போட்டோ எடுத்தாங்க, நான் எடுக்கல, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எதுத்தாப்புல பாறைக்குள்ள குடைஞ்ச அறைதான் உப்பு கிட்டங்கி, அங்கயே கடையும். 2 பாக்கெட் காசு குடுத்து வாங்குனேன், மூணாவத அந்தப் பெரியவரு உங்கம்மா கைல வச்சு அழுத்துனாரு, அதுக்குக் காசு வாங்கல.

ரம்லா கடக்கரைக்குப் போகும்போது மணி 4. மணலு செவப்பு, நம்ம தேரிக்காட்டு மண்ணக் கொண்டாந்து கடலோரத்துல கொட்டுன மாதிரி, ஓரமெல்லாம் சப்பாத்திக்கள்ளி வேற. போற வழில ஜகண்டீயான்னு கல்லுக் கோயிலு, கிறிஸ்து பொறக்கறதுக்கு 3600 வருசம் முன்னாடி கட்டுனது, எகிப்து பிரமிடுக்கும் முந்தி. உள்ள போக நேரமில்ல. ஆனா ஒரு கத சொன்னாரு, அவிச்ச மொச்சையும் தேனும் தின்னு வாழ்ந்த ஒரு ராட்சசி, கைப்பிள்ளையத் தோள்ல தொங்க விட்டுட்டே அந்தக் கல்லையெல்லாம் சுமந்து வந்து கட்டுனாளாம். உங்கம்மா எங்கம்மாவும் அப்படித்தான்னா. உங்க ஆச்சி உப்பு குவிக்கிற தட்டுமேட்டு ஓரம் தூளி கட்டி இவளப் போட்டுட்டு உப்பு சுமந்தவங்கதான, அது இத்தன வருசத்துல என்ட்ட கூட அவ வாயால சொன்னதில்ல.

வந்ததுலருந்து அவ பேச்சு பூரா அதான். அந்த உப்புலதான் நார்த்தங்கா போட்டு வச்சிருக்கா, நம்ம தெருவுலருந்து அடுத்த மாசம் அங்க வர்ற பொண்ணுட்ட குடுத்து விடுறோம்.

இன்னொரு விசயம், உன்ட்ட சொல்லாம வச்சிருந்தேன். உன் டிக்கெட் வீணாப் போகல. காசு திருப்பித் தர வழியில்ல, ஆனா தேதி மாத்தித் தரலாம்னு அந்தத் தம்பி ஆபீஸ்ல பேசி எழுதி வாங்கிக் குடுத்தாரு, செப்டம்பர் கடைசி வரைக்கும் செல்லும், அதுக்குள்ள போனாத்தான் உப்பு வாருறதப் பாக்க முடியும். லீவு கேக்க யோசிக்காத, முன்கூட்டியே எழுதிக் குடு. அந்தச் சீட்ட கெளம்புற அன்னைக்கு உன் அடுப்பங்கரைல அரிசி டப்பாவுக்கு அடில மடிச்சு வச்சிட்டு வந்தேன். அரிசி எடுத்து ஒரு நாளாவது சமைச்சிருந்தா இந்நேரம் உன் கண்ணுல பட்டிருக்கும்.

அப்பா