அடாப்டரின் பின் துளையில் நுழைந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஒரு காலத்தில் வந்திறங்கிய ரேடியோக்களும் டேப் ரெக்கார்டர்களும் டெல்டா மாவட்டங்களில் இன்னும் பல வீடுகளின் பரணில் இருக்கின்றன. அவற்றுக்கு அடாப்டர் வாங்கச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன நாட்களில், என் தந்தையார் வைத்திருந்த நான்கு பேட்டரி ரேடியோதான் எங்கள் தெருவுக்கே செய்தி சொன்னது. அந்த நன்றியில், மின்சாரம் வந்த பிறகு அதற்கு 6 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஒரு பெட்டியைக் கிளறி, "பின் நுழையுது சார், பாடும்" என்று கொடுத்தார். மாட்டிய சற்று நேரத்தில் கருகல் வாடை வந்தது. ரேடியோவைப் பிரித்த மெக்கானிக், வயிறு உப்பிய கெப்பாசிட்டர் (மின்னைச் சேமித்து வைக்கும் சிறு பாகம்) ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு ரேடியோவின் பின்புறம், பின் செருகும் துளையருகே அச்சிட்டிருந்த சிறு படத்தைக் காட்டினார். நடுப்புள்ளியிலிருந்து சென்ற கோடு மைனஸ் குறியில் முடிந்தது. நான் வாங்கிய அடாப்டரின் பின்னிலோ நடுவில் பிளஸ். வோல்ட் சரியாக இருந்தும் மின்னோட்டத்தின் திசை மாறிவிட்டது.

பழைய ஜப்பானிய ரேடியோக்கள் பலவற்றில் நடுவில் மைனஸ்தான். இன்று கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். எழுத்து அழிந்துபோன கருவியாக இருந்தால், பேட்டரிகள் வரிசைத் தொடராக (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸோடு சேரும்படி) அமைந்திருக்கும்போது அவற்றை எண்ணி ஒன்றுக்கு ஒன்றரை வோல்ட் என்று கணக்கிடலாம். அடாப்டரின் ஆம்பியர், அதாவது அது தரக்கூடிய மின்னோட்ட அளவு, கருவிக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, ஏனெனில் கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும்; குறைந்தால்தான் அடாப்டர் சூடேறும். வோல்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய கனத்த அடாப்டர்களில் 6 என்று அச்சிட்டிருந்தாலும், சுமை இல்லாதபோது, அதாவது கருவி எதையும் மாட்டாதபோது, மீட்டர் 9 வரை காட்டக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மலிவான இலேசான அடாப்டர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலை நிலையங்களைக் கேட்கும்போது அவை இரைச்சலைக் கிளப்புகின்றன. பேட்டரிக்கு மாறினால் இரைச்சல் மறைந்துவிடும்.

அடாப்டரில் உள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பாதுகாப்பைப் பற்றியது. அடாப்டர் நம் கருவிக்குப் பொருந்துமா என்று அந்த எண் சொல்லாது. ஆகவே உதிரி அடாப்டர் விற்கும் கடைக்காரர்கள் மின் அளவுகளை அளக்கும் ஒரு மல்டிமீட்டரை மேசையில் வைத்து, வோல்ட்டையும் நடுமுனை பிளஸா மைனஸா என்பதையும் வாங்குபவர் கண்முன் அளந்து காட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மெக்கானிக் மாற்றிக் கொடுத்த அடாப்டரில் வெள்ளை டேப் ஒட்டி, "ரேடியோ, 6, உள்ளே மைனஸ்" என்று பேனாவால் எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி