காயம்பட்ட மானைத் தேட நாயை அனுமதியுங்கள்: வனவிலங்கு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மாநில வனவிலங்கு ஆணையத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இதே கோரிக்கையை ஆங்கிலத்தில் மூன்று முறை அனுப்பிவிட்டேன். மூன்று முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது, ஒரே எழுத்துப்பிழையோடு. யாரும் படிக்கப்போவதில்லை என்றால் எனக்குக் கைவந்த மொழியிலேயே எழுதிவிடலாமே என்றுதான் இந்த முறை தமிழ். அமெரிக்காவில் வில்லெடுத்துக் காட்டுக்குப் போகும் தமிழர்கள் சிலர் இருக்கிறோம். அவர்களாவது படிப்பார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அம்பு பட்ட மானைத் தேடிக் கண்டுபிடிக்க, கயிற்றில் கட்டிய மோப்ப நாயைக் கூட்டிப்போக அனுமதி கொடுங்கள். கயிற்றில் கட்டியிருந்தாலும் மானைத் தேட நாய் கூடாது என்ற இப்போதைய விதி எப்படி வந்தது, எனக்கு முன்னால் யார் யார் கேட்டுப் பார்த்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் நேராகப் போன நவம்பர் மாதத்து ஒரு சாயங்காலத்துக்கு வருகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கே மரத்துப் பரணில் ஏறிவிட்டேன். மழை இரவு ஒன்பதுக்கு மேல்தான் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. நாலரை மணி வாக்கில் ஒரு வெண்வால் பெண்மான் வந்து 22 கஜத்தில், பக்கவாட்டில் நின்றது. நான் அம்பை விட்ட அதே நொடியில் ஓர் எட்டு முன்னால் வைத்தது. முன்னங்காலுக்குப் பின்னால் பட வேண்டிய அம்பு அதற்கும் ஒரு சாண் தள்ளிப் பட்டது. தப்பு என்னுடையதுதான், அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

சத்தமில்லாமல் இறங்கி அம்பை எடுத்துப் பார்த்தேன். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் வெளிர்சிவப்பாக, நுரைத்துப்போய் இருக்கும். மானும் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் விழுந்திருக்கும். என் அம்பில் இருந்தது கருஞ்சிவப்பு. முகர்ந்தால் லேசாக இரைப்பை வாடை. ஈரலில் பட்டிருக்கிறது, கொஞ்சம் இரைப்பையும் கிழிந்திருக்கிறது. இதற்கு ஒரே வழி காத்திருப்பது. வேட்டை லைசென்ஸுக்கு முன்னால் நீங்கள் கட்டாயமாக்கியிருக்கும் வகுப்பிலேயே அதைத்தான் சொல்லித் தந்தார்கள். ஈரலில் பட்டால் நாலு முதல் ஆறு மணி நேரம், இரைப்பை என்றால் எட்டு மணி நேரத்துக்கும் மேல். தொந்தரவு செய்யாமல் விட்டால் மான் பக்கத்திலேயே எங்காவது ஒதுங்கிப் படுத்து, படுத்த இடத்திலேயே உயிரை விடும். பின்னாலேயே போனால் எழுந்து ஓடும். அப்புறம் எவ்வளவு தூரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தேகாலுக்கு முதல் தூறல் என் தொப்பியில் விழுந்தது.

காத்திருந்தால் ரத்தத் தடத்தை மழை கழுவிவிடும். உடனே போனால் மான் எழுந்துவிடும். இரண்டில் ஒன்றை உருப்படியாகச் செய்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். நான் முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் பொறுக்காமல் நண்பரை ஃபோனில் கூப்பிட்டேன். அவர் வந்து சேர்ந்ததும் டார்ச்சோடு உள்ளே போனோம்.

ஆணையத்தில் எத்தனை பேர் மழையில் ரத்தத் தடம் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியாது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ரத்தம் கிடைத்த இடத்திலெல்லாம் டாய்லெட் பேப்பரைக் கிழித்து வைத்துக்கொண்டே போவது வழக்கம். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை ஒரு கோடாகத் தெரியும். அன்றைக்கு ஐந்தாவது துண்டை வைத்துவிட்டுத் திரும்பினால், முதல் இரண்டு துண்டும் கஞ்சியாகி இலையோடு ஒட்டிக் கிடந்தன. மேப்பிள் இலைகளில் இயற்கையாகவே செம்புள்ளிகள் உண்டு. காய்ந்த நாளில் கட்டைவிரலால் தேய்த்தால் போதும், ரத்தம் என்றால் ஈஷிக்கொள்ளும், புள்ளி என்றால் அப்படியே இருக்கும். மழையில் எதைத் தேய்த்தாலும் விரலில் தண்ணீர்தான். நூற்றுக்கணக்கான இலைகளைத் தேய்த்திருப்பேன், முழங்காலில் தவழ்ந்தபடியே. கூட வந்த நண்பருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஆண்களில் நிறையப் பேருக்கு இருக்கும் குறைதான். ரத்தத்தை அவர் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பதில்லை, ஈரப் பளபளப்பை வைத்துத்தான். அன்று காடே பளபளத்தது.

எட்டு மணிக்குக் குறுக்கே விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் அடிப்பக்கத்தில், மழை எட்டாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் தேய்ந்திருந்ததைப் பார்த்தோம். அடியில் நுழைந்து போயிருக்கிறது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு நள்ளிரவு வரை அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தோம். ஒரு சொட்டு கிடைக்கவில்லை.

இப்போது நாய்க்கு வருகிறேன். அந்தக் காட்டிலிருந்து இருபது நிமிடக் கார் தூரத்தில் ஒருவர் இருக்கிறார். அவரிடம் முரட்டு ரோமம் கொண்ட ஒரு டாக்ஸ்ஹண்ட் இன நாய் இருக்கிறது. காயம்பட்ட மானைத் தேடுவதற்கென்றே பழக்கியது. அனுமதி உள்ள இன்னொரு மாநிலத்துக்கு அதை வருஷா வருஷம் ஓட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாதவர்களுக்கு மானைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வருகிறார். சொந்த ஊரில் மட்டும் அந்த நாய் சோபாவில் படுத்திருக்க வேண்டும். எட்டரை மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். "வர ஆசைதான் தம்பி, வந்தால் என் லைசென்ஸ் போய்விடும்" என்றார். பின்னால் நாய் குரைத்தது ஃபோனில் கேட்டது.

மறுநாள் காலை உங்கள் அலுவலகத்துக்கே ஃபோன் செய்து, விசேஷ அனுமதி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "கயிற்றில் கட்டியிருந்தாலும் நாய் நாய்தான் சார்" என்று பதில் வந்தது. மறுக்க முடியாத உண்மை.

நாய் ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. மானின் குளம்புப் பிளவுக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அதன் வாசனை மண்ணில் ஒட்டும். நன்றாகப் பழகிய நாய் காயம்பட்ட அந்த ஒரு மானின் வாசனையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நாலு மான் குறுக்கே போயிருந்தாலும் விடாமல் போகும். ஒருநாள் பழைய தடத்தைக்கூடப் பிடிக்கும். கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு நாய்க்கும் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கண் எட்டு மணிக்கே தோற்றுவிட்டது, அதன் மூக்குக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பித்திருக்கும்.

மூன்றாம் நாள் காக்கைகள்தான் காட்டிக் கொடுத்தன. அந்த மரத்திலிருந்து 140 தப்படி தூரத்தில், ஓடைக் கரையில் கிடந்தது. நாங்கள் மேட்டுப் பக்கம் தேடிக்கொண்டிருந்தோம், அது வளைந்து கீழே தண்ணீர்ப் பக்கம் இறங்கியிருக்கிறது. பின்தொடைகளை நரி மாதிரியான கயோட்டிகள் தின்றுவிட்டிருந்தன. போகும் வழியில் மூன்று இடத்தில் புல் அமுங்கியிருந்தது. மூன்று முறை படுத்திருக்கிறது, இரண்டு முறை எழுந்திருக்கிறது. கடைசியாகப் படுத்த இடத்தில் பின்னங்குளம்பு மண்ணைக் கீறிக் கீறி ஒரு சிறு பள்ளமே விழுந்திருந்தது. முதலில் படுத்த இடத்துக்குப் பக்கத்துச் சேற்றில் என் பூட்ஸ் தடம் இருந்தது. அளந்து பார்த்தேன், பன்னிரண்டு அடி. அந்த இருட்டில் அதைத் தாண்டிப் போய், நானேதான் அதை எழுப்பிவிட்டிருக்கிறேன்.

நாய் இருந்திருந்தால் விடியும்வரை காத்திருந்திருப்பேன். ரத்தம் கரைந்துவிடுமே என்ற பதற்றமே இருந்திருக்காது. உங்கள் வகுப்பில் சொல்லித் தந்ததை உங்கள் விதியாலேயே கடைப்பிடிக்க முடியாமல் போனது, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

வேட்டையாடிய மானுக்குக் கட்ட வேண்டிய டேக்கை முறைப்படி அதன் காதில் கட்டி, உங்கள் செயலியில் பதிவும் செய்தேன். இறைச்சியை நன்கொடையாகக் கொடுக்க விருப்பமா என்று செயலி கேட்டது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். லேசர் வைத்துத் தூரம் அளக்கலாம். இழுவிசையில் முக்கால் பங்குக்கு மேல் கப்பியே தாங்கிக்கொள்ளும் காம்பவுண்டு வில் வைத்துக்கொள்ளலாம். தொலைநோக்கி பூட்டிய குறுக்குவில்லும் சரிதான். மரத்தில் கட்டிய கேமரா, வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு மானின் படத்தை ஃபோனுக்கே அனுப்பலாம். அம்பை மானுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு கருவி வேண்டுமானாலும் இருக்கலாம், சேர்த்த பிறகு தேடுவதற்கு மட்டும் கற்காலத்துக்குப் போ என்கிறீர்கள். அதுகூடச் சரியில்லை, கற்காலத்து மனிதனிடம் நாய் இருந்தது! வேட்டைக் கருவிகளின் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பிவிடும் 1937-ம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வில்லும் அம்பும் அதற்குள் பின்னால் சேர்ந்தன. இன்று வில்லுக்கு 11 சதவீத மத்திய வரி. உற்பத்தியாளர் கட்டுகிறார், விலையில் ஏறி எங்கள் தலையில் விடிகிறது, கடைசியில் மாநில வனவிலங்குத் துறைகளுக்கு வந்து சேர்கிறது. லைசென்ஸ் கட்டணம் தனி. வரியை வாங்கும்போது நாங்கள் வனத்தின் காவலர்கள், நாய் கேட்டு வந்தால் மட்டும் திருட்டு வேட்டைக்காரர்கள்.

மன்னிக்கவும். பேச்சு எங்கேயோ போய்விட்டது.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நாட்டின் பெரும்பகுதியில் வெண்வால் மான் அருகிப்போயிருந்தது. அந்தக் காலத்தில் கூட்டமாக நாய்களை அவிழ்த்துவிட்டு மானை விரட்டிக் கொன்றார்கள். அதைத் தடுக்கப் போட்ட விதி நல்ல விதி. ஆனால் அந்த நாய்கள் முன்னால் ஓடின, மான் நன்றாக இருந்தது. நான் கேட்பது ஏற்கெனவே அம்பு பட்ட மானுக்குப் பின்னால், பத்து மீட்டர் கயிற்றின் மறுமுனையில் மனிதன் நடந்து போகும் நாய்.

கட்டுப்பாடு வேண்டுமென்றால் போடுங்கள். நியூயார்க்கில் இதற்குத் தனி லைசென்ஸ் இருக்கிறது, தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். பென்சில்வேனியா 2018-ல் சட்டத்தைத் திருத்தி அனுமதித்தது. ஜெர்மனியில் காயம்பட்ட விலங்கைத் தேடி அதன் வேதனையை முடிப்பது வேட்டைக்காரனின் சட்டப்படியான கடமை. அதற்கென்றே தலைமுறை தலைமுறையாக நாய் இனங்களை வளர்த்திருக்கிறார்கள். அதே ஜெர்மனியில் வில்வேட்டைக்குத் தடை இருப்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களில் ஒருவர் சொல்லிக்காட்டுவீர்கள். தேடப் போகும் முன் வனவிலங்குக் காவல் அதிகாரிக்கு ஒரு ஃபோன், அடுத்தவர் நிலத்தில் இறங்க அவருடைய சம்மதம், கயிறு ஒரு நொடியும் கையை விட்டு விலகாமல் இருப்பது, இவை எதற்கும் எங்களில் ஒருவரும் மறுப்புச் சொல்லமாட்டோம்.

மானைக் கொல்லப் போனவனுக்கு இப்போது என்ன கருணை என்று என் உறவுக்காரர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தக் குளம்பு கீறிய பள்ளத்தைப் பார்த்ததிலிருந்து நான் பரணில் ஏறவில்லை. அடுத்த பருவத்தில் ஏறுவேனா என்பது ஓரளவுக்கு உங்கள் கையிலும் இருக்கிறது.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். காயம்பட்ட மானைத் தேட, கயிற்றில் கட்டிய நாயை அனுமதிக்கும் திருத்தத்தை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் போதும். அந்த டாக்ஸ்ஹண்டின் சொந்தக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்ட அரங்குக்குள் நாயை அழைத்து வரலாமா என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்தால் உதவியாக இருக்கும். கயிற்றில் கட்டித்தான் கூட்டி வருவோம்.

இப்படிக்கு,
உங்களிடம் லைசென்ஸ் வாங்கிய ஒரு வில்வேட்டைக்காரன்