செயலாளரின் ஆண்டறிக்கை: 2024/2025

தலைவர் அவர்களே, காப்பாளர்களே, சங்க அங்கத்தவர்களே, வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஒன்பது தடவை கூடியது. வாசிகசாலைக் கூரையில் நான்கு தகரம் மாற்றினோம். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது, ஒலிபெருக்கி வாடகை மட்டும் வழக்கத்தை விடக் கூடிவிட்டது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி அறிக்கை முழுவதும் ஒரு தகரப் பெட்டியைப் பற்றியது.

மலையகத்து நாவலப்பிட்டிக் கடைத்தெருவில் நான்கு தலைமுறை அரிசி வியாபாரம் செய்த குடும்பம், ஆவணியில் அந்தப் பெட்டியை நம்மிடம் ஒப்படைத்தது. உள்ளே ஏழு கணக்கேடுகள். 1983 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்தபோது பெட்டி ஓர் உறவினர் வீட்டுப் பரணில் கிடந்ததால் தப்பியது. ‘எங்கள் பூட்டனைப் பற்றி நாற்பது பக்கத்தில் எழுதித் தாருங்கள்’ என்று கேட்டார்கள். நாமும் சரி என்று தலையாட்டிவிட்டோம். ஏட்டை வாசிக்க நம்மில் ஆளே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘லாபம்’. இலக்கங்கள் எல்லாம் தமிழ் இலக்கங்கள். ‘கம்பளி ௰௨’ என்பதை நம் இளைஞர் ஒருவர் ‘கம்பளி ய, ௨’ என்று படித்து, ‘ய’ என்பது ஏதோ ஒரு ரகமாக்கும் என்று இரண்டு வாரம் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அது பன்னிரண்டு. பிந்திய ஏடொன்றில் ‘துண்டுக்குக் கொடுத்தது’ என்று வந்ததும் கடையில் துவாயும் விற்றிருக்கிறார்கள் என்றோம். தோட்டத்துக்கு ஆள் திரட்டிக் கொண்டுவரும் கங்காணியின் கடனை அடைத்தால் அவர் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டம் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். 1921இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.

ஆங்கில ஆண்டு எங்குமே இல்லை. ‘பவ’, ‘தாது’, ‘தாரண’ என்று வருடப் பெயர்தான். அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருமே! தாரண என்பது 1884ஆ, 1944ஆ என்று இரண்டு கூட்டம் முழுக்க வாக்குவாதம். பொருளாளர் 1944 என்றே நின்றார். அதே பக்கத்தில் கோப்பி அந்தர் (112 இறாத்தல்) கணக்கில் வரவு வைக்கப்பட்டிருப்பதைக் காட்டினோம். 1944இல் யுத்தப் பங்கீட்டில் அரிசி கூப்பனுக்கு அல்லவா, இவர் புசல் புசலாகக் கொடுத்திருக்கிறாரே என்றதும்தான் இறங்கி வந்தார்.

பூட்டன் இராமநாதபுரம் சீமையிலிருந்து மடிநிறையப் பணத்தோடு வந்து கடை போட்டார் என்பது குடும்பத்தில் சொல்லிவரும் கதை. முதல் ஏட்டின் முதல் வரியோ கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கு வாங்கிய கடன். அது பவ வருடம், அதாவது 1874/75. 1874இல் ரயில் நாவலப்பிட்டி வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. டிக்கோயா, டிம்புள்ள, மஸ்கெலியாத் தோட்டங்களுக்கு அரிசியும் கருவாடும் கம்பளியும் அங்கிருந்து மாட்டு வண்டியில்தான் ஏறின. திரும்பும் வண்டியில் கோப்பி இறங்கியது. பூட்டனின் கெட்டிக்காரத்தனம் எவ்வளவோ, ரயில் பத்து வருடம் அங்கே நின்றதும் அவ்வளவு என்பது என் அபிப்பிராயம்.

1884இல் தண்டவாளம் அட்டனுக்குப் போய்விட்டது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் தலைகாட்டிய இலை நோய் அதற்குள் கோப்பியைக் கிட்டத்தட்ட முடித்திருந்தது. போதாததற்கு அதே 1884 மே 3ஆம் திகதி ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. தீவில் புழங்கிய நோட்டில் பெரும்பகுதி அவர்களுடையது. சில நாட்களில் ஆளுநர் ஆர்தர் கோர்டன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். இடைப்பட்ட நாட்களில்தான் நம் பூட்டனின் ஏட்டில் இந்த வரி: ‘பாங்கி நோட்டு ரூ ௰க்கு ௬ வீதம் வாங்கினது.’ பத்து ரூபாய் நோட்டை ஆறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். விற்றவர்கள் பெயரும் இருக்கிறது, எல்லோரும் கங்காணிகள்.

குடும்பத்தின் மூத்த அக்கா என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பக்கத்த மட்டும் விட்டுருங்க தம்பி, கல்யாணப் பேச்சு நடக்கிற வீடு” என்றார். “குழுவில கேட்டுச் சொல்றேன் அக்கா” என்று வந்துவிட்டேன். சேர்க்கலாம் என்று ஆறு பேர், வேண்டாம் என்று மூன்று பேர். நான் ஆறில் ஒருவன். அதற்குப் பிறகு இரண்டு கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் வந்தது.

இன்னொரு பக்கத்தை அக்காவே எடுத்துக் காட்டியிருந்தார். சுபானு வருடம் (1883), ஆனி: ‘பிள்ளை பிறந்த செலவு, மருத்துவச்சிக்குச் சேலை ௧.’ ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்ததும், முன்னோர் இங்கே பிறந்ததற்குச் சான்று தேடிப் பிரக்கிராசியிடம் (வழக்கறிஞரிடம்) காட்டுவதற்காகப் போட்ட கோடாம். கடைக்காரக் குடும்பத்துக்கு மருத்துவச்சியின் சேலையாவது கணக்கில் இருந்தது. அந்த நாட்களில் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து, “எங்க பாட்டன் பேரு ஒங்க கணக்குல இருக்குங்களா ஐயா?” என்று கேட்டார்களாம். தேடிப் பார்த்திருக்கிறார்கள். கங்காணி பெயர் இருந்தது, கீழே ‘ஆள் ௨௰’, அதாவது இருபது ஆள், என்று இருந்தது. அவ்வளவுதான்.

ஏழாவது ஏடு கொஞ்சம் வேறு மாதிரி. தேயிலைக் காலத்துச் சில்லறைப் பற்று. உப்பு, செத்தல் மிளகாய், தேங்காயெண்ணெய் என்று வாங்கியவர்கள் பெயர் பெயராக இருக்கிறார்கள், பலர் பெண்கள். இதுவரை 212 பெயர்களைப் பிரதி எடுத்திருக்கிறோம். பெயரோடு தோட்டமும் எழுதியிருக்கிறது. ஆனால் அது தோட்டத்துக்கு ஆட்கள் வழங்கிய தமிழ்ப் பெயர். அதை இன்றைய பெயரோடு பொருத்திச் சொல்லத் தெரிந்த வயதானவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஞாயிறு காலையில் வாசிகசாலைக்குக் கூட்டி வாருங்கள். படி ஏற முடியாதவர்கள் என்றால் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். பழைய துண்டு, பற்றுச்சீட்டு, தோட்டத்தில் பேர் வெட்டின (வேலையிலிருந்து நீக்கிய) கடதாசி எதுவானாலும் கொண்டு வரலாம். படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம்.

நூல் இந்த ஆண்டு வெளிவராது. நாற்பது பக்கத்தில் அடங்கவும் அடங்காது. அச்சுச் செலவைக் குடும்பம் ஏற்பதாகச் சொன்னது அந்த நோட்டுப் பக்கத்துக்கு முன்பு. இப்போது எப்படி என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மேற்படி அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்